மூன்று நாளாக வெளிக்குப் போகாதவன்

அன்று மத்தியானம் ஆண்கள் வார்டில் இருந்தவர்கள்: கட்டிலில் என் அப்பா, அவர் பக்கத்தில் நான், வாசல் மேஜையில் பெரிய சிஸ்டர், எதிர்க் கட்டிலில் கால் முறிந்த ஒரு நெசவாளர். இல்லாதவர்கள் இரண்டு பேர். டாக்டர் இலத்தூரில் மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவன் சாப்பிடப் போயிருந்தான்.

அப்பா கண்ணைத் திறந்ததும் டாக்டரைக் கேட்கவில்லை.

"ஏலே, அந்தத் தம்பி எங்க?"

அந்தத் தம்பிக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே வருஷம் பாளையங்கோட்டையில் ஆண் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தோம், ஒரே வாரத்தில் தென்காசியில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தோம். ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவனுடைய சீப்பு எப்போதும் தொலைந்துபோகும், என்னுடையதால் தலை வாரிக்கொள்வான். எனக்கு அவன் மேல் பொறாமை. சொல்லாமல் மறைத்தாலும் நாலு வரிக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியில் வயிற்றைச் சோதிக்கிற முறையைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்றுக்கொடுத்தார்கள். தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்தது காதால் கேட்பது. பிறகு விரலால் தட்டுவது. தொடுவது கடைசியில்தான், ஏனென்றால் முதலிலேயே தொட்டு அமுக்கிவிட்டால் குடலின் சத்தம் மாறிப்போகும். வலிக்கிற இடத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொட வேண்டும். இதை வரிசை பிசகாமல் ஒப்பித்து அந்தப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆளும் நான்தான். அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவன் தட்டுத்தடுமாறித் தேறினான். ஆனால் தென்காசிக்கு வந்த ஆறு மாதத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்கள் வாசலிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "பவுடர்த் தம்பி இருக்காரா?"

பவுடர் அவனுடைய அடையாளம். முகத்துக்குப் போட்டது போக மிச்சத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வான். வேர்த்த கை பட்டால் வயிறு சுருங்கும் என்பான். குளிர்ந்த கையும் கூடாது என்பான். அதற்காக வார்டுக்கு வரும்போதே ஒரு கண்ணாடித் தம்ளரில் டீயோடு வருவான். குடிக்க மாட்டான். தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே கட்டில் கட்டிலாகப் பேசிக்கொண்டு போவான். ஆறிப்போன டீயைக் கடைசியில் என்னிடம் நீட்டுவான்.

"குடியும்வே. காசு குடுத்து வாங்குனது."

பெட்பான் எடுப்பது, சார்ட் எழுதுவது, விரிப்பு மாற்றுவது இதெல்லாம் அவனுக்கு ஆகாது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அவன் கண், நோயாளியின் வயிறு இருக்கிற மட்டத்துக்கு வந்துவிடும். அங்கேயிருந்து பார்ப்பான். ஸ்டெதாஸ்கோப் டாக்டருடையது, நாங்கள் தொடக் கூடாது. அதனால் சலவைத் துண்டை மடித்து வயிற்றின் மேல் போட்டு அதில் காதை வைப்பான். வைத்ததும் ஒரு கேலி வரும். "என்ன அண்ணாச்சி, உள்ள சந்தை கூடுது? யாரோ கத்திரிக்காய்க்கு வெல பேசுதான்!" வார்டு முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் வயிறு இளகும். அதற்குப் பிறகுதான் கையை வைப்பான். கை வயிற்றில் இருக்கும், கண் மட்டும் நோயாளியின் முகத்தை விட்டு நகராது.

இதெல்லாம் நானும் படித்ததுதான். படிக்காத ஒன்று அவனிடம் இருந்தது. அதை எப்படிச் சொல்வது? அவன் கூசாமல் பொய் சொல்லுவான்.

முதலில் அதைக் கண்டது ஒரு லாரி டிரைவரிடம். புனலூர்ப் பக்கத்து ஆள், மரம் ஏற்றிக்கொண்டு வந்தவர், வயிற்று வலியில் சுருண்டு கிடந்தார். நான் சார்ட்டை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன்.

"கடைசியாக மலம் கழித்தது எப்போது? நிறம் என்ன? தன்மை என்ன?"

அவர் என்னைப் புளியறைச் சோதனைச் சாவடியில் பர்மிட் கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எந்தா?" என்றார். திருப்பிக் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவன் தம்ளரோடு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சேட்டா, ஒரு விஷயம். யார்ட்டயும் சொல்லிராதீரும். எனக்கு மூணு நாளா வெளிக்கிப் போகல. வயிறு கல்லு மாதிரி கெடக்கு. நீரு மலை ஏறி எறங்குற ஆளு, நாலு ஊர்த் தண்ணி குடிக்கீரு. உமக்கெல்லாம் தெனமும் ஒழுங்காப் போவுமா?"

டிரைவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மூணா? சாரே, எனக்கு அஞ்சு நாளாச்சு!"

பிறகு மடை திறந்த மாதிரிதான். எந்தக் கடையில் பரோட்டா சாப்பிட்டார், அடுத்த நாள் எப்படிப் போனது, அதற்கடுத்த நாள் எப்படிப் போகாமல் நின்றது, என்ன நிறம், ரத்தம் பட்டதா, எல்லாம் வந்தது. அவன் "அய்யய்யோ" என்றும் "எனக்கும் அப்படித்தான்" என்றும் தலையாட்டினான். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன்.

அன்று காலையில் எங்கள் அறைக்குப் பின்னால் வாளியோடு போய் அரை மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வந்தவன் அவன்.

எல்லோரிடமும் அதே பொய்தான். பத்து ஏக்கர் நிலக்காரரானாலும் பீடி சுற்றுகிறவரானாலும், மூன்று நாளாக வெளிக்குப் போகாத தன் கஷ்டத்தை முதலில் எடுத்து வைப்பான். தன் கஷ்டத்தைச் சொன்னவனிடம் தன்னுடையதைச் சொல்ல ஒருவரும் வெட்கப்படவில்லை. "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கான், அவனுக்கு மட்டும் வருஷம் பூரா மலச்சிக்கல்" என்று பெரிய சிஸ்டர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாசரேத்துக்காரர், லேசில் சிரிக்காதவர். நான் வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து அவர் சிரித்ததில்லை.

நானும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். அச்சன்புதூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய விவசாயி. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்தினேன். "அண்ணாச்சி, எனக்கு மூணு நாளா வெளிக்கிப் போகல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீரு வந்து இங்கன படும்வே. நான் எந்திரிச்சிக்கிடுதேன்."

வார்டே சிரித்தது. அவன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசனை வேறு சொன்னான். "பொய் சொன்னா மூஞ்சில அந்த வலி தெரியணும்வே. நீரு பரீட்சைத் தாள் வாசிக்க மாதிரில்லா சொல்லுதீரு."

குணமாகிப் போகிறவர்கள் அவனுக்குப் பலாப்பழம் கொண்டுவருவார்கள். சீசனில் மங்குஸ்தான் வரும். அவன் அதை என்னோடு பங்கு போட்டுத்தான் தின்பான். அவன் பங்கு போடாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில், சீசன் மாதங்களில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் அப்பா. மற்ற மாதங்களில் தோப்புகளில் தேங்காய் உரிப்பார். சாரல் விழத் தொடங்கிவிட்டால் விடியலிலிருந்து இருட்டும்வரை யார் யாருடைய முதுகோ அவர் கையில் இருக்கும். ஜட்ஜ் முதுகு, செட்டியார் முதுகு, சினிமாக் கொட்டகைக்காரர் முதுகு. என்னை மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொட விடமாட்டார். "படிக்கிற கைலே அது. வழுக்கக் கூடாது" என்பார். அவர் கை என் முதுகில் பட்டது தீபாவளிக்குத் தீபாவளிதான்.

வேலைக்கு வந்த முதல் சீசனில் அவனை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் அப்பாவைப் பார்த்ததும் அவன் "அப்பா" என்றே கூப்பிட்டான். மாமா என்று சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி என்று சொல்லியிருக்கலாம். அப்பா அவனைக் கல்லில் உட்கார வைத்து அரைமணி நேரம் எண்ணெய் தேய்த்தார். காத்திருந்த இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். கடைசியில் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலின் அடிச்சதையை அமுக்கி, "கை நல்ல கை தம்பி. மெதுவா இருக்கு" என்றார். நான் பாறையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கையும் அங்கேதான் இருந்தது.

அடுத்த சீசனில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரத்தில், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தென்காசிக்கு வந்து இறங்கினார். முந்தின நாளே வலி வந்திருக்கிறது. அருவிக்கரையில் எந்த நோவுக்கும் ஒரே வைத்தியம்தான். கூட்டாளிகள் இரண்டு பேர் அவரைப் பாறையில் மல்லாத்திப் போட்டு, குடல் புரண்டிருக்கிறது என்று சொல்லி, நல்லெண்ணெய் விட்டு வயிற்றை உருவியிருக்கிறார்கள். குறையவில்லை என்றதும் காலையில் இன்னொரு தடவை உருவியிருக்கிறார்கள். எண்ணெய் மினுமினுக்கிற வயிற்றோடு வந்து படுத்தவரைப் பார்த்து, "விரிப்பு போச்சு" என்றார் பெரிய சிஸ்டர்.

நான் படித்த வரிசைப்படியே செய்தேன். பார்த்தேன். துண்டு போட்டுக் காது வைத்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும்தான் எனக்குக் கேட்டது. தட்டினேன். எண்ணெயில் விரல் வழுக்கியது. பிறகு தொட்டேன்.

"இங்கன வலிக்காப்பா?"

"இல்லலே."

"இங்கன?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லலே. வாயு. செத்த நேரத்துல எறங்கிரும்."

வலது பக்கம் அடிவயிற்றிலும் அமுக்கிப் பார்த்தேன். முகம் அசையவில்லை. வயிறு பலகை மாதிரி இருந்தது. முப்பது வருஷமாகக் குனிந்து நிமிர்ந்து ஆட்களைப் புரட்டுகிறவருடைய வயிறு பின்னே எப்படி இருக்கும் என்று நினைத்தேன். காய்ச்சல் லேசாக இருந்தது. சாரலில் நனைந்தது என்றார். வலி இல்லை என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

பெரிய சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். "வாய்வுதான். சோப்புத் தண்ணி எனிமா ஒண்ணு குடு. டாக்டர் சாயங்காலம் வந்து பாத்துக்கிடுவாரு."

தண்ணீர் காய்ச்சினேன், சோப்புக் கரைத்தேன், எனிமா கேனில் ஊற்றினேன். கட்டிலுக்குத் திரும்பியபோதுதான் அப்பா கண்ணைத் திறந்து அவனைக் கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, தம்ளரோடு அவன் உள்ளே வந்தான்.

"என்னப்பா, சீசன் நேரத்துல அங்கன கடைய அடைச்சிட்டு இங்கன வந்து படுத்துட்டீங்க?"

வயிற்றை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. ஸ்டூலை இழுத்தான். "நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன். மூணு நாளா வெளிக்கிப் போகலப்பா. உங்க எண்ணெயில ரெண்டு கரண்டி உள்ள ஊத்துனாத்தான் வழி பொறக்கும் போல."

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அறுந்தது. வலது கை தானாக அடிவயிற்றுக்குப் போனது, வலது முழங்கால் மேலே மடங்கியது. நானும் பார்த்தேன். ஆனால் அவன் பார்த்த பிறகுதான் பார்த்தேன்.

அவன் தம்ளரைத் தரையில் வைத்தான். துண்டை மடித்துப் போட்டுக் காதை வைத்தான். எதிர்க் கட்டில் நெசவாளர் கேலிக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேலி வரவில்லை. காதை வேறு இடத்தில் வைத்தான், இன்னொரு இடத்திலும் வைத்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

இடது பக்கத்தில், வலிக்கு வெகு தூரத்தில், நான்கு விரலை வைத்தான். மெதுவாக அமுக்கினான்.

"இங்கன தொட்டா அங்கன வலிக்கோப்பா?"

கையை எடுத்ததும் அப்பாவின் உடம்பு துள்ளியது. விரலால் அவனைக் கிட்டே கூப்பிட்டார். அவன் குனிந்தான். அவன் காதில் என்னவோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார். நான் கால்மாட்டில் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் நிமிர்ந்து, "வே, அந்தக் கேனக் கீழ வையும்" என்றான்.

"சிஸ்டர் சொன்னாங்க..."

"யாரு சொன்னா என்ன? வையும்வே கீழ."

பெரிய சிஸ்டர் எழுந்து வந்தார். "என்ன, ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டீங்களா?"

"சிஸ்டர், இது வாய்வு இல்ல. இடது பக்கம் அமுக்குனா வலது பக்கம் வலிக்கி. கைய எடுத்தா துள்ளுதாரு. உள்ள சத்தமே இல்ல. குடல்வால் மாதிரி இருக்கு. எனிமா ஏத்துனா உள்ளேயே வெடிச்சிரும். கார் அனுப்பி டாக்டரக் கூப்பிடுங்க."

"கல்யாணப் பந்தியிலருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்து, வாய்வுன்னு ஆயிப்போச்சுன்னா? என் தலைய உருட்டிருவாரு."

"என் தலைய உருட்டச் சொல்லுங்க. எண்ணெ தேச்சு வாரித்தான் வச்சிருக்கேன்."

வாரியது என் சீப்பால்.

வாட்ச்மேன் வாடகைக் காரில் இலத்தூருக்குப் போனார். டாக்டர் கையில் சந்தனத்தோடும் முகத்தில் கோபத்தோடும் வந்தார். அப்பாவின் வயிற்றில் கை வைத்ததும் கோபம் போய்விட்டது. சந்தனத்தைக் கழுவிக்கொண்டு அன்று சாயங்காலமே ஆப்பரேஷன் செய்தார். வெளியே வந்து, "உருவு உருவுன்னு உருவி வச்சிருக்கானுங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உள்ள சீழ் பரவியிருக்கும்" என்றார். அவன் தோளைத் தட்டினார். "சார்ட் எழுதினது யாரு?" என்றார். நான்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தாலாவது அந்தக் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

அப்பா பிழைத்தார். இது நடந்தது எனக்குச் சந்தோஷம். இதை அவன் நடத்தினான் என்பதுதான் ஆறவில்லை. கண் விழித்ததும் அவனைத்தான் கேட்டார். தையல் பிரிக்கும்போது அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டார். பார்க்க வந்த கூட்டாளிகளிடம் அவனைக் காட்டி, "இந்தத் தம்பிதான்" என்றார். என்னைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, அவர்களுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

காதில் அப்பா என்ன சொன்னார் என்று அவனிடம் பல தடவை கேட்டேன்.

"நோயாளி காதுல சொன்னத வெளிய சொல்லலாமாவே? மொத மார்க் வாங்குன ஆளு நீரே இப்பிடிக் கேக்கலாமா?"

"அவரு எங்கப்பாவே!"

"கட்டில்ல படுத்துட்டா நோயாளிதான்."

அப்பாவிடமும் ஒரு நாள் கேட்டேன். "என்னத்தச் சொன்னேன்? ஞாபகமில்லலே" என்றார். வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்றாரே, அதே முகம்.

அடுத்த வருஷம் கொல்லத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. ரயிலேற்றிவிட நானும் அப்பாவும் தென்காசி ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா அவனுக்காகச் சோடா வாங்கப் போன நேரத்தில் அவனாகவே சொன்னான்.

"அன்னைக்குக் கேட்டீருல்லா, இப்பச் சொல்லுதேன். 'எம்மவன் கை நடுங்குது தம்பி. நான் வலிக்கின்னு சொல்லிட்டா அவன் ஒடஞ்சி போயிருவான், வேல ஓடாது அவனுக்கு. எனக்கு உசுரு போற மாதிரி இருக்கு. நீ பாத்துட்டு அவங்கிட்ட மொள்ளமாச் சொல்லு.' இம்புட்டுத்தான்வே சொன்னாரு."

அதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். என் மனசு அப்படிப் போகவில்லை. அப்பா என்னைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார், அதை இன்னொருவன் காதில் பேசியிருக்கிறார் என்றுதான் போயிற்று. அந்தச் சொற்களை ஒரு வருஷமாக அவன் வைத்திருந்தான். மங்குஸ்தானைப் பங்கு போட்டவன் இதைப் போடவில்லை.

"மொள்ளமாச் சொல்லச் சொன்னாருல்லா?" என்றேன்.

"அதான் மொள்ளமாச் சொல்லுதேன்" என்று சிரித்தான். அப்பா சோடாவோடு வந்துவிட்டார். வண்டி செங்கோட்டைப் பக்கம் நகர்ந்தது. பிறகு ஒரே ஒரு கார்டு வந்தது, அதுவும் அப்பா பெயருக்கு. படித்துக் காட்டியது நான்தான். மலையாளத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தான். அப்பா நிஜமாகவே கவலைப்பட்டார்.

இப்போது நானே வார்டைப் பார்த்துக்கொள்கிறேன். கையைச் சூடாக்கிக்கொண்டுதான் வயிற்றைத் தொடுகிறேன், முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அமுக்குகிறேன். பழைய ஆட்கள் வந்தால் என் கை பட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார்கள்: "அந்தப் பவுடர்த் தம்பி இப்ப எங்க இருக்காரு?" கொல்லத்தில் என்கிறேன். அவர்கள் வயிறு கொஞ்சம் இறுகுவது என் விரலுக்குத் தெரிகிறது.

ஊழியரின் தகப்பனார் என்பதால் டாக்டர் ஆப்பரேஷனுக்குக் காசு வாங்கவில்லை. மருந்து, ஊசி, குளுக்கோஸ் பாட்டில், இலத்தூர் போய் வந்த வாடகைக் கார், நாசமான விரிப்பு, சீசனின் மிச்ச நாளெல்லாம் அப்பா அருவிக்குப் போகாததால் வராமல் போன வரும்படி, எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு ஆனது நூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய். அதில் பதினான்கு ரூபாய், அப்பா எடுத்துக் கொடுத்து அவன் ரயிலேறுகிற அன்று போட்டிருந்த புதுப் பாப்ளின் சட்டைக்கு.